நாலு வண்டி, அஞ்சு படி

1. பலகை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை வண்டி பூட்டச் சொல்லவில்லை. பலகை பூட்டச் சொன்னார்கள்.

கவிதா, ஜீவா, பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் நீங்கள் ‘டிரஸ்ட்ல ஃபிட்டர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறீர்கள். அது என்ன வேலை என்று நானும் உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நடுவில் என் முட்டாள்தனமும் வரும். சிரித்துக்கொள்ளுங்கள்.

டிரஸ்ட் என்றால் பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டுக்கல்லில் வியாபாரம் பண்ணுகிற ஏழு பேர் சேர்ந்து நடத்துகிற கமிட்டி. மாடியில் ஒரு ஆபீஸ் ரூம், கீழே தகர ஷெட், அவ்வளவுதான். நடக்க முடியாதவர்களுக்கு, கையால் சுற்றி ஓட்டுகிற மூணு சக்கர வண்டி கொடுப்பதுதான் முக்கிய வேலை. வண்டி உதிரி உதிரியாக வந்து இறங்கும். ஃபிரேம் தனி, ரிம் தனி, செயின் தனி. சைக்கிள் கடையில் பதினோரு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் அதைப் பூட்டுவதற்கு என்னை எடுத்தார்கள்.

செயலாளர் ரத்தினசாமி ஐயா கடலை எண்ணெய் வியாபாரம் செய்பவர். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் எப்படி வியாபாரம் செய்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். நல்ல மனுசன். அன்றைக்கு ஒரு தகரப் பலகையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். இரண்டு அடிக்கு ஒரு அடி. மஞ்சள் பெயிண்ட் மேல் சிவப்பு எழுத்து. ‘உபயம்’ என்று போட்டு, பணம் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர். வண்டி சீட்டுக்குப் பின்னால் நாலு போல்ட் போட்டு நிறுத்த வேண்டும்.

“பாண்டி, பலகை நேரா நிக்கணும்ப்பா. ஆளு உக்காந்தாலும் எழுத்து மறையக் கூடாது.”

அதாவது உட்காருகிறவர் தலைக்கு மேலே பலகை தெரிய வேண்டும். ஆடிக் காற்று அடித்தால் பலகை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகுமே என்று கேட்டேன். “பிரேக்கு இருக்குல்ல” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிற வேலை. அதுவும் புண்ணியம் பண்ணுகிற இடத்து வேலை.

வருடத்துக்கு ஒரு தரம் கல்யாண மண்டபத்தில் விழா நடக்கும். பத்து வண்டி, பத்து உபயதாரர். வண்டிக்காரர்களை மேடைக்குக் கீழே வரிசையாக உட்கார வைப்போம். மேடை நாலடி உயரம், ஏறுவதற்குப் படி மட்டும்தான். அதனால் பெரியவர்கள் இறங்கி வந்து வண்டியின் கைப்பிடியைத் தொட்டுக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுபடி மேலே ஏறிப் பேசுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு நடத்துகிற விழாவில் ஏற முடியாத மேடை போட்டிருக்கிறோமே என்று எனக்கு ஏழு வருடம் தோன்றவே இல்லை. எனக்குப் பலகை நேராக இருக்கிறதா என்றுதான் கண் போகும்.

2. கோழி குடியிருந்த வண்டி

தாடிக்கொம்புக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. வண்டியின் பின் ரிம் வளைந்துவிட்டதாம். சகாயமேரி என்று பெயர். எனக்கு ஆளைத் தெரியும். சின்ன வயதிலேயே இரண்டு காலும் சுவாதீனம் இல்லாமல் போனவள், தையல்காரி. விழாவில் பார்த்திருக்கிறேன். டூல்ஸ் பையைத் தூக்கி மொபெட்டில் வைத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. ரிம் வளைந்த வண்டி அதுதான். வீட்டுக்குப் பக்கவாட்டில் பார்த்தால் இன்னொரு வண்டி. சீட்டு மேல் வைக்கோல் போட்டு, சுற்றிலும் வலை கட்டி, உள்ளே நாலு கோழி. கொஞ்சம் தள்ளி மூன்றாவது வண்டியில் துவைத்த துணி காய்ந்தது. நாலாவது வண்டியில் விறகு அடுக்கியிருந்தது. விறகு நனையாமல் இருக்க மேலே ஒரு மஞ்சள் தகரம். சிவப்பு எழுத்து. என் பலகை.

இன்னொரு பலகை குளியலறைக் கதவில் ஓட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக்கூட நேராகத்தான் அடித்திருந்தார்கள்.

“என்ன மேரி, வண்டிய இப்பிடிப் போட்டிருக்க?”

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “நான் எங்கண்ணே போட்டேன்? நீங்கதான் கொண்டாந்து போட்டீங்க. வருசம் தவறாம.”

அப்புறம்தான் விவரம் சொன்னாள். முதல் வண்டி அவள் கேட்டு வாங்கியது. அடுத்த வருடம் விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆபீஸிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து பேருக்கு ஒரு ஆள் குறைகிறது, வந்து உட்காரு என்று. என்னிடம் வண்டி இருக்கிறதே என்றால், உபயதாரர் பணம் கட்டிவிட்டார், பலகை எழுதியாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே என்று கெஞ்சியிருக்கிறார்கள். பாவம் என்று போயிருக்கிறாள். அதற்கடுத்த வருடமும் அதே கதை. அதற்கடுத்த வருடமும்.

“நாலு போட்டோவுலயும் ஒரே சேலைண்ணே. பாக்குறவுக ஒருத்தராச்சும் கேட்டாகளா, இந்தப் பிள்ளைக்கு எத்தன காலுன்னு?”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. வேடசந்தூர் பக்கத்துக் காட்டு ஊர்களிலிருந்து வண்டி கேட்டு வந்த தபால்கள் ஆபீஸ் மேஜையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போய் விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். பத்து நிறைந்துவிடும்.

ரிம்மைக் கழற்றிக்கொண்டே, “சரி, உனக்கு வேற என்னதான் வேணும், சொல்லு, ஐயாகிட்டச் சொல்றேன்” என்றேன். ஏழு வருடத்தில் வண்டி வாங்கினவர்களில் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் யோசித்துக் கேட்கவில்லை. பேச்சு வாக்கில் வந்துவிட்டது.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

“எனக்கு வண்டி ஓடுதுண்ணே. நான் போக வேண்டிய எடத்துலதான் அஞ்சு படி இருக்கு.”

3. அஞ்சு படி

அந்த இடம் பெண்கள் தையல் சங்கம். பள்ளிக்கூடச் சீருடைத் துணியை அங்கே வெட்டி, உறுப்பினர்களுக்குப் பண்டலாகக் கொடுப்பார்கள். உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுப் பண்டல் எடுக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் உட்கார வேண்டும். ஆள் மாற்றி அனுப்பக் கூடாது. மேரிக்குப் படி ஏற முடியாது. அதனால் சேர்ந்த மூன்றே மாதத்தில் உறுப்பினர் பட்டியலில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். வேறொரு உறுப்பினர் பெயரில் எடுத்த பண்டலைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கூலியில் பாதி அந்த அம்மாவுக்கு. சங்கத்தில் அவளைவிட நன்றாகக் காலர் தைக்கிறவர்கள் யாரும் இல்லை என்று சங்கத்துக்காரர்களே சொல்வார்களாம்.

தூக்கிக்கொண்டு போகலாமே என்று நானும் எல்லாரையும் போலத்தான் கேட்டேன்.

“தூக்குனாகண்ணே. மொத மாசம் ரெண்டு பேரு தூக்குனாக. ரெண்டாம் மாசம் தூக்கும்போது ஒருத்தரு ‘கனத்துட்ட’ன்னாரு. மூணாம் மாசம் அவுகளுக்கு வேல இருந்துச்சு. நான் பண்டல் எடுக்கப் போறேன். நானே பண்டலாப் போகணுமா?”

அந்த வருடம் புது உறுப்பினர் சேர்க்கிறார்கள். இன்னும் ஒரு மாதம். அதை விட்டால் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி சேர்ப்பார்கள்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சங்கக் கட்டடம் எங்கள் டிரஸ்ட் கட்டிக் கொடுத்தது. ரத்தினசாமி ஐயாவின் அப்பா முன்னால் நின்று கட்ட, அவர் பெயரிலேயே கொடுத்தது. வாசலில் மூன்றடிக் கருங்கல்லில் அவர் பெயர் பொறித்து, செங்கல் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறது. ஒரு கையால் வண்டி கொடுத்தோம். இன்னொரு கையால் அந்த வண்டி ஏற முடியாத கட்டடம் கொடுத்தோம். இரண்டு கைக்கும் பலகை உண்டு.

படிக்குப் பக்கத்தில் வண்டி ஏறுகிற மாதிரி சரிவாக ஒரு சாய்தளம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஐயாவிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் கவலையாக ஒரு கேள்வி கேட்டார்.

“சாய்தளத்த யாருப்பா கையில குடுத்துப் போட்டோ எடுக்கிறது?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உபயதாரர்களிடம் பணம் கேட்டு நிற்கிறவர் அவர். அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு பொருள் வேண்டும். கடைசியில், பழைய இரும்பு ஷெட்டில் கிடக்கிறது, அதில் முடிந்ததைச் செய் என்றார்.

4. என் கைவேலை

நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் செய்தேன். இரும்பு ஆங்கிளில் ஃபிரேம் அடித்து, மேலே செக்கர் ஷீட் என்கிற கட்டம் போட்ட இரும்புத் தகட்டைப் போட்டு வெல்டிங் வைத்தேன். ஆறடி நீளம். படி உயரம் மொத்தம் இரண்டரை அடி. பார்ப்பதற்கு அம்சமாக இருந்தது. பக்கவாட்டில் பெயிண்டும் அடித்தேன். ஐயாவுக்கும் சந்தோசம். அதற்குள் ஒரு ஜவுளிக்கடைக்காரரை உபயதாரராகப் பிடித்து, பலகை எழுதி, ரிப்பன் கட்டி, திறப்பு விழாவுக்கு லட்டும் சொல்லிவிட்டார்.

மேரியிடம் நாங்கள் யாரும் அளவு கேட்கவில்லை. தேதி மட்டும் சொன்னோம்.

ரிப்பன் வெட்டியாயிற்று. மேரி வண்டியில் வந்தாள். சரிவில் முன் சக்கரத்தை ஏற்றினாள். கையால் சுற்றினாள். ஒரு அடி ஏறியது. இரண்டடி ஏறியது. அப்புறம் முன் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்ற ஆரம்பித்தது. வண்டி பின்னால் வர ஆரம்பித்தது. பின்னால் நின்றது ஜவுளிக்கடைக்காரர். ஆள் கொஞ்சம் கனமான சரீரம். நகர நேரமில்லாமல் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் லட்டுத் தட்டு இருந்தது.

உடனே நாலு பேர் ஓடிவந்து வண்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருத்தர் பலகையைப் பிடித்துத் தள்ளினார், பலகை கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. சங்கத் தலைவி பஞ்சவர்ணம் அம்மா மேலே நின்றுகொண்டு, தள்ளு தள்ளு என்று தேர் இழுக்கிற மாதிரி கை காட்டினார். மேரி பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள்.

“எல்லாரும் செத்த நேரம் கைய எடுங்க.”

எடுத்தார்கள். அவள் மெதுவாக வண்டியைப் பின்னால் இறக்கி, சமதளத்தில் நிறுத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

“அண்ணே, இதுல ஏறணும்னா தள்ளுறதுக்கு ஆளு வேணும். ஆளு இருந்தா எனக்குப் படியே போதுமே.”

ஜவுளிக்கடைக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்து, அந்தப் பிள்ளை சொல்றது சரிதானே என்றார். லட்டு ஒட்டிய மனுசன் சொன்னதால் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

5. ஓட்டிப் பார்த்தது

மறுநாள் ஷெட்டில் புது வண்டி ஒன்று ரெடியாக நின்றது. ஏழு வருடமாக எத்தனையோ வண்டி பூட்டியிருக்கிறேன். சக்கரம் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கையால் பார்ப்பேன். ஒரு நாளும் அதில் உட்கார்ந்து ரோட்டுக்குப் போனதில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். காலைக் கீழே வைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

கடைவீதி வரை போவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. கைப்பிடி என் நெஞ்சுக்கு ரொம்ப முன்னால் இருந்தது. இத்தனை பேருக்கு அப்படித்தான் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். டீக்கடைக்கு இரண்டு படி. மருந்துக்கடைக்கு ஒரு படி, ஆனால் முழங்கால் உயரம். டீக்கு வெளியில் இருந்தே சத்தம் கொடுத்தேன். மாஸ்டர் டீயை என்னிடம் கொடுக்காமல் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்து, “அவருக்குச் சக்கர போடலாமா, கேளு” என்றார். நேற்று வரை என்னிடமே கேட்டவர்தான். வண்டியில் உட்கார்ந்ததும் என் வாய்க்கு வேறு ஆள் வேண்டியதாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மூச்சு வாங்க நிறுத்தினேன். ஒரு பெரியவர் வந்தார். என் மடியில் ஒரு அஞ்சு ரூபாயைப் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. கை நீட்டவும் இல்லை. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் பழைய சைக்கிள் கடைக் கூட்டாளி மாரிமுத்து எதிரே வந்தான். “ஏலே பாண்டி, காலுக்கு என்னலே ஆச்சு?” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான். நான் எழுந்து நின்றேன். சுற்றி நின்ற சனம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத வேண்டாம். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இதை மேரியிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒரு நா உக்காந்தீக, எந்திரிச்சுட்டீக. அதுக்குள்ள எல்லாம் வெளங்கிருச்சாக்கும்? எங்கள வந்து கேளுங்கண்ணே, அது போதும்.”

அது சரிதான். எனக்குப் புரிந்தது தோள்வலி மட்டும்தான்.

6. இஞ்ச் டேப்

உறுப்பினர் சேர்க்கை முடிய பதினெட்டு நாள் இருந்தது. மேரி இன்னும் இரண்டு வண்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டம் மாடியில். மூணு பேரும் கீழே நின்று போன் போட்டார்கள். “ஐயா, வந்துட்டோம். நீங்க எறங்குறீகளா, நாங்க ஏறணுமா?”

அப்புறம் ஏழு பேரும் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஷெட்டில் ரிம் வந்த மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டேன். கடலை எண்ணெய் வியாபாரி, நகைக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர் எல்லாரும் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உயரத்தில் உட்கார்ந்திருந்தது மூணு வண்டிக்காரர்கள்தான்.

மேரி ஏற்கனவே வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவர்கள் ஊர் மாதா கோயிலில் போன வருடம் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதில் அவள் தனியாக ஏறுவாள், பூசைக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதைத் தன் இஞ்ச் டேப்பால் அளந்து வந்திருந்தாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம் படி இரண்டரை அடி. அப்படியென்றால் முப்பது அடி. நான் செய்தது ஆறடி.

எல்லாரும் சங்கத்து வாசலுக்குப் போய் அளந்தோம். முன் சுவர் இருபத்து மூன்று அடிதான். நேராக முப்பது அடி போகாது. சுவரை ஒட்டிப் பதினைந்து அடி ஏறி, மூலையில் திரும்பி, மறுபடி பதினைந்து அடி ஏற வேண்டும். வண்டி திரும்புவதற்கு ஏழடிக்கு ஏழடி இடம் வேண்டும். மேரி டேப்பைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனாள். போய் நின்றுவிட்டாள். அந்த மூலையில்தான் ஐயாவின் அப்பா பெயர் பொறித்த கல் நின்றது.

நகைக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். வேறு மூலையில் திருப்ப முடியாதா என்று பஞ்சவர்ணம் அம்மா மெதுவாகக் கேட்டார். அந்தப் பக்கம் சாக்கடை. மேரிதான் சொன்னாள்.

“ஐயா, கல்லு நிக்கிற எடத்துலதான் வண்டி திரும்பணும்.”

ஐயா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் ஆபீஸ் பக்கமே வரவில்லை. அந்த இரண்டு நாள் நான் உங்கள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தது ஞாபகம் இருக்கும். அதுதான் காரணம். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். மேரிக்கு இன்னும் மூன்று வருடம் பாதிக் கூலிதானா என்று இன்னொரு பயம். பஞ்சவர்ணம் அம்மா வேறு, கடைசித் தேதிக்கு மேல் ஒரு நாள்கூட என்னால் நிறுத்தி வைக்க முடியாதப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஐயா ஒரு கொத்தனாரோடு வந்தார். கடப்பாரையை அவரே கையில் வைத்திருந்தார். வெள்ளை வேட்டியோடு கடப்பாரை பிடித்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. நேராகச் சங்கத்துக்குப் போனோம். மேரிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார், அவளும் வந்திருந்தாள்.

“அப்பா இந்தக் கட்டடம் கட்டும்போது நான் பக்கத்துல நின்னேன்ம்மா” என்றார் மேரியிடம். “மழத்தண்ணி ஏறக் கூடாதுன்னு ரெண்டு படி போதும்னாரு. அஞ்சு படி வச்சாத்தான் எடுப்பா இருக்கும்னு சொன்னது நான். உன்னைய வெளிய நிறுத்துனது எங்கப்பா இல்ல. நான்தான்.”

மேரி டேப்பைச் சுருட்டினாள்.

கல்லைப் பெயர்த்தார்கள். நல்ல கனம். கொத்தனார் அதைத் துடைத்து, இதை எந்தச் சுவரில் பதிக்கட்டும் என்று கேட்டார். ஐயா மூலையைக் காட்டினார்.

“வண்டி திரும்புற எடத்துல தரையில போடு. எழுத்து அடியில இருக்கட்டும்.”

“பேரு தெரியாதேங்கய்யா.”

“தெரிய வேணாம்ப்பா. கெடந்து தாங்கட்டும்.”

7. கையைக் கட்டிக்கொண்டு நின்றது

கட்டி முடிக்க ஆறு நாள், ஈரச் சாக்குப் போட்டு ஆற வைக்க ஒரு வாரம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய் நான் வெல்டிங் வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு குழாயின் உயரத்துக்கும் மேரியிடம் கேட்டேன். கேட்டுக் கேட்டு அவளுக்கே சலித்துவிட்டது.

சேர்க்கையின் கடைசி நாளுக்கு முதல் நாள் அவள் வந்தாள். ரிப்பன் இல்லை, லட்டு இல்லை. யாரும் கை தட்டக் கூடாது, யாரும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டி பூட்டுகிறவனுக்கு, ஓடுகிற வண்டியைத் தொடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினைந்து அடி ஏறினாள். கல் கிடந்த மூலையில் மூச்சு வாங்க நின்றாள். திரும்பினாள். மறுபடி பதினைந்து அடி. கதவைத் தாண்டி உள்ளே போனாள். பஞ்சவர்ணம் அம்மா ரிஜிஸ்தரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா. கையெழுத்தப் போடு. மத்தவ எல்லாம் போன வாரமே போட்டாச்சு, நீ இன்னைக்கு ஆடி அசைஞ்சு வார.”

மேரி அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாரிடமும் வள்ளென்று விழுகிற அம்மா, அவளிடமும் அப்படியே விழுந்தார். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது.

சாய்தளம் வந்த பிறகு ஒரு வேடிக்கை. பண்டல் தள்ளுவண்டி அதில்தான் ஏறுகிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி அதில்தான் வருகிறாள். பஞ்சவர்ணம் அம்மாவுக்கு ரொம்ப நாளாக முழங்கால் வலியாம், யாரிடமும் சொன்னதில்லை. இப்போது படிப் பக்கமே போவதில்லை. மேரி ஒருத்திக்கு என்று நினைத்துக் கட்டியதில் பாதி சங்கம் ஏறி இறங்குகிறது.

8. இப்போது என் வேலை

இப்போது கமிட்டியில் பத்து பேர். மூன்று பேர் வண்டிக்காரர்கள். கூட்டம் ஷெட்டில்தான் நடக்கிறது. மேரி வாராவாரம் யாரோடாவது சண்டை போடுகிறாள், பெரும்பாலும் ஐயாவோடு. இந்த வருடம் பத்து வண்டி விழா நடக்கவில்லை. அதற்குப் பதில் ஊர் ஊராகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டோம். ஒருவருக்கு வீட்டுக் கழிப்பறைக் கதவை அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஒருவருக்கு உதவித்தொகை மனு எங்கேயோ நின்றுபோயிருந்தது, கூடப் போய் விசாரிக்க ஆள் வேண்டியிருந்தது. வேடசந்தூர் பக்கம் நிசமாகவே வண்டி இல்லாமல் நிறையப் பேர் இருந்தார்கள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பலகை இல்லையென்றால் பணம் இல்லை என்று மூன்று உபயதாரர்கள் போய்விட்டார்கள். லட்டில் உட்கார்ந்த ஜவுளிக்கடைக்காரர் மட்டும் போகவில்லை.

நான் இதில் கற்றுக்கொண்டது இதுதான் பிள்ளைகளே. கொடுக்கிறவன் கை பெரிது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அந்தக் கை, வாங்குகிறவர் வழியில் என்ன வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வைத்ததை எடுத்தாலே பாதி உதவி முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். ஜீவா, உன் கிளாசில் ஒரு பையனுக்கு உன் பழைய பையைக் கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டாயே. என்னிடம் கேட்காதே. அவனிடம் கேள்.

கடைசியாக ஒன்று. மேரி வீட்டில் சும்மா கிடந்த மூணு வண்டியையும் எடுத்துச் சரிபண்ணி வேடசந்தூர் பக்கம் கொடுப்பது என்று கமிட்டியில் முடிவானது. மேரிதான் சொன்னது. மினி லாரி எடுத்துக்கொண்டு போனேன். துணி காய்ந்த வண்டியை ஏற்றினேன். விறகு வண்டியை ஏற்றினேன். மூன்றாவது வண்டியில் வலையைப் பிரிக்கக் கை வைத்தேன். உள்ளே ஒரு பெட்டைக்கோழி உடம்பை உப்பிக்கொண்டு என் விரலைக் கொத்தியது. முந்தின நாள்தான் அடைக்கு வைத்திருக்கிறார்கள். அடியில் பதினோரு முட்டை.

மேரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

“கமிட்டி முடிவு பண்ணிருச்சு, நான் என்ன சொல்ல? கோழிய ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்கங்கண்ணே.”

கேட்டேன். மறுபடியும் கொத்தியது. இருபத்தோரு நாள் கழித்துப் போய்த்தான் எடுத்து வந்தேன்.